பதினேழு சதவீதம்

ரோஜாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் வாயில் வருவது வசவுதான். பிடிவாதக்காரி. கொழுப்பெடுத்தவள். ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்துபோகிற காரியத்துக்காக முழுசாக ஒரு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்தவள். இதையெல்லாம் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். அதனால் இங்கே எழுதுவதில் ஒன்றும் தப்பில்லை.

நான் ஸ்ரீப்ரியா. திருவள்ளூர்க்காரி. அப்பா தேவராஜன் பெருமாள் கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர். நானும் ரோஜாவும் திருவள்ளூரில் ஒரே கல்லூரியில் பி.எட். படித்தோம், ஒரே பெஞ்சு. வகுப்பில் எல்லோரையும்விட அவள் ஐந்து வயது மூத்தவள். டிகிரி முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் போன் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனியில் நாலு வருஷம் லைனில் நின்றுவிட்டு வந்தவள். நின்றுவிட்டு என்றால் நிஜமாகவே நின்றுதான். எட்டு மணி நேரம் நாற்காலி கிடையாதாம்.

அந்த லைனுக்கு மேலே ஒரு போர்டு தொங்கும் என்பாள். மணிக்கொரு தரம் அதில் சதவீதம் மாறும். தொண்ணூற்றைந்துக்கு மேலே இருந்தால் பச்சை, கீழே இறங்கினால் சிவப்பு.

“ஒரு நாளு பக்கத்துல நின்ன பொண்ணு மயக்கம் போட்டு வுழுந்துட்டுச்சு ப்ரியா. நாங்க ரெண்டு பேரு தூக்கி உக்கார வெச்சோம். அதுக்குள்ள போர்டு செவப்பாயிடுச்சு. அத்தினி பேரும் போர்டத்தான் பாத்தாங்க. அந்தப் பொண்ண ஒருத்தரும் பாக்கல.”

இதைச் சொல்லும்போது அவள் குரலில் இரக்கம் இருக்காது, கோபம்தான் இருக்கும். திரும்பவும் அந்த போர்டுக்குக் கீழே போய் நிற்கக் கூடாது. டீச்சர் ஆக வேண்டும் என்று அவள் நினைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இதுவே போதாதா?

இரண்டாம் வருஷம் கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் ஆறு பேரைக் கும்மிடிப்பூண்டியில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ரோஜாவுக்கு நடக்கிற தூரம். அவளும் அவள் அம்மா அங்காளம்மாளும் சிப்காட் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். எனக்கு? விடியற்காலை திருவள்ளூரில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, படியேறி ஓடி, அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க வேண்டும். செவ்வாப்பேட்டை வருவதற்குள் தூங்கிவிடுவேன். நான் இந்தக் கதையில் செய்த காரியத்துக்குத் தூக்கக் கலக்கத்தைக் காரணம் சொல்லலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முடியாது. நன்றாக விழித்துக்கொண்டுதான் செய்தேன்.

எங்கள் பயிற்சிக்கு ஒரு மதிப்பீட்டுத் தாள் உண்டு. அதில் ‘இணையவழிப் பங்கேற்பு’ என்று ஒரு கட்டம். வகுப்பில் ஒரு வினாடி வினா செயலியை வைத்துப் பாடம் நடத்த வேண்டும். கேள்வி ஸ்மார்ட் போர்டில் வரும். பிள்ளைகள் போனில் பதிலை அழுத்த வேண்டும். சீக்கிரம் அழுத்தினால் அதிகப் புள்ளி. கடைசியில், பெயர் பதிந்தவர்களில் எத்தனை பேர் ஒவ்வொரு கேள்விக்கும் அழுத்தினார்கள் என்று செயலியே கணக்குப் போட்டு, இத்தனை சதவீதப் பங்கேற்பு என்று காட்டும். அறுபதுக்குக் கீழே வந்தால் பயிற்சியில் தேர்ச்சி இல்லை, அடுத்த வருஷம் மறுபடி செய்ய வேண்டும். அவ்வளவுதான் விதி.

எட்டாம் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ சிப்காட்டில் ஷிப்ட். வீட்டில் ஒரு போன் இருந்தாலும் அது ஷிப்டுக்குப் போய்விடும். பள்ளிக்குப் பிள்ளைகள் போன் கொண்டு வரவும் கூடாது. ஆக, வகுப்பில் இருந்தது ரோஜாவின் ஒரே போன், அதுவும் ஓரத்தில் கீறல் விழுந்தது. பயிற்சி தொடங்கி ஒரு மாசம் கழித்து, முதல் தடவையாக அதை வைத்து அவள் கேள்வி போட்டதும் முன் பெஞ்சுப் பையன்கள் நாலு பேர் பாய்ந்து வந்து அழுத்தினார்கள். புள்ளிகள் ஏறின, போர்டில் வாணவேடிக்கை மாதிரி ஏதோ சிதறியது, வகுப்பே கத்தியது. நான் கைதட்டினேன். ரோஜா போனை எடுத்துப் பையில் போட்டுவிட்டாள்.

“இன்னாடி ஆச்சு?” என்று அவள் பாஷையிலேயே கேட்டேன்.

“நாலு பேருதான் வெளையாடுனாங்க. முப்பத்தி ரெண்டு பேரு வேடிக்க பாத்தாங்க. இதுக்கு நான் எதுக்கு, மிஷினே போதுமே.”

மறுநாள் ஒரு பவுடர் டப்பாவோடு வந்தாள். உள்ளே சுருட்டிய சீட்டுகள். வகுப்பை ஆறு குழுவாகப் பிரித்தாள். எந்தக் கேள்வி எந்தக் குழுவுக்கு என்று சீட்டு எடுக்கச் சொன்னாள். குழுவுக்குள்ளேயும் யார் விரல் வைப்பது என்பதற்கு இன்னொரு சீட்டு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டு விரல். மூன்று நாளில் முப்பத்தாறு பேரும் அழுத்தி முடிப்பார்கள். யாருடைய முறையோ அவர்கள் அழுத்தலாம், மற்றவர்கள் பேசலாம், சண்டை போடலாம், கெஞ்சலாம், போனைத் தொடக் கூடாது.

ஜன்னலோரம் கல்பனா என்று ஒரு பெண். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா வலையை விட்டுவிட்டுக் காண்டிராக்ட் வேலைக்கு வந்தவர். ஒரு மாசமாக வாயே திறக்காத அந்தப் பெண், டப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

“மிஸ், பாடு போட்றீங்களா?”

ரோஜா சிரித்தாள். “ஆமா. பாடுதான்.”

“பொம்பளைங்களுக்கும் சீட்டு உண்டா மிஸ்?”

ரோஜா டப்பாவை அவள் பக்கம் நீட்டினாள். “இங்க உண்டு” என்றாள்.

பாடு என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்கு மதியம் சோறு சாப்பிடும்போதுதான் தெரிந்தது. ஏரியில் மீன் நன்றாக விழுகிற இடங்கள் சிலதான் இருக்கும். எல்லோரும் அங்கேயே போய் வலை போட்டால் வெட்டுக்குத்துதான். அதனால் குப்பத்தில் ஆண்கள் பெயரைச் சீட்டெழுதிக் குலுக்கி, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை வைத்துக்கொள்வார்களாம். தன் பாடு இல்லாத அன்றைக்கு, கண்ணெதிரில் இறால் துள்ளினாலும் அந்த இடத்தில் ஒருவரும் வலை இறக்க மாட்டார்கள். ரோஜாவும் அங்கே பிறந்தவள்தான். அவள் அப்பா துலுக்காணம் செத்தபோது அவள் ஒன்பதாவது படித்தாள். அண்ணன் தம்பி கிடையாது. சீட்டில் எழுத ஆண் பெயர் இல்லை. அந்த வீட்டுக்குப் பாடு போய்விட்டது. அங்காளம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்து மார்க்கெட்டில் இறால் விற்க உட்கார்ந்தாள்.

“எங்களுக்குக் கஞ்சி ஊத்துனதும் பாடுதான், எங்கள வெளிய தள்ளுனதும் பாடுதான்” என்றாள் ரோஜா, சோற்றைப் பிசைந்தபடி. “அதுல நல்லத மட்டும் எடுத்துக்கினு வந்துட்டேன். யாரு வந்து கேப்பாங்க?”

எங்கள் கோயிலிலும் முறை உண்டு. ஆனால் தீர்த்தம் யாருக்கு முதலில் என்பதில்தான் பாதிச் சண்டையே. அதை அவளிடம் சொன்னேன், புரையேறச் சிரித்தாள்.

ஆறு வாரம் அந்த வகுப்பு அப்படித்தான் நடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். கேள்வி வந்ததும் முறை இல்லாத குழுக்கள் தலையைத் தலையோடு முட்டிக்கொண்டு முணுமுணுக்கும். முறை இருக்கிற குழு தப்பாக அழுத்தப் போகிறதென்று தெரிந்தால் துடித்துப்போவார்கள், ஆனால் ஒரு விரல் நீளாது. கல்பனாதான் காவல். எவனாவது எட்டிப் பார்த்தால், “டேய், உம் பாடா இது?” என்று ஒரு அதட்டல். ஒரு மாசம் ஊமையாக இருந்த பெண்ணா இது என்று நான் வாயைப் பிளந்தேன்.

மதிப்பீட்டு நாள் அக்டோபர் கடைசியில் வந்தது. மதிப்பீடு செய்ய வந்தவர் எங்கள் பேராசிரியர் வெங்கட்ரமணன் சார். கெட்டவர் இல்லை. பிள்ளைகளைக் கண்டால் மிட்டாய் கொடுப்பவர். ஆனால் தாளில் கட்டம் இருந்தால் அது நிரம்ப வேண்டும், நிரம்பாவிட்டால் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும்.

அன்று காலை வண்டியில் வரும்போது எனக்கு ஒரு யோசனை. ஒரே போனை வைத்துக்கொண்டு இவள் எப்படி அறுபது சதவீதம் காட்டுவாள்? நாங்கள் ஐந்து பேரும் எங்கள் போன்களைக் கொடுத்தால் குழுவுக்கு ஒன்று ஆகுமே! எல்லோரிடமும் பிடுங்கிக்கொண்டு போய் ரோஜா மேஜைமேல் வைத்தேன். அவள் முகம் சுளித்தாள். மணியடிக்க ஐந்து நிமிஷம்தான் இருந்தது. “சரி, வை” என்றாள். பிள்ளைகளிடம் புதிதாக ஒன்றும் சொல்ல நேரமில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை, அதுதான் என் புத்திசாலித்தனம்.

பாடம் காற்று. சார் கடைசி பெஞ்சில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். முதல் கேள்வி போர்டில் வந்தது. ரோஜா டப்பாவைக் குலுக்கினாள். மூன்றாம் குழு. மூன்றாம் குழு பதிலை அழுத்தியது. மற்ற ஐந்து குழுக்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? என் போன் உட்பட ஐந்து போன்களையும் மேஜைமேல் குப்புறக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் பாடு இல்லையே!

நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கையைக் காலை ஆட்டினேன். ‘அழுத்துங்கடா, அழுத்துங்க’ என்று வாயசைத்தேன். கல்பனா என்னைப் பார்த்து, ‘எங்க முறை இல்ல மிஸ்’ என்று பொறுப்பாகத் தலையாட்டினாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டு கேள்வியும் அப்படியே போயின. பதினொன்று சரி. காற்றில் எந்த வாயு அதிகம் என்ற கேள்விக்கு மட்டும் ஒரு பையன் கார்பன் டை ஆக்சைடை அழுத்தினான். ஏண்டா என்று ரோஜா கேட்டதற்கு, “புக்குல நைட்ரஜன்னு தெரியும் மிஸ், ஆனா நம்ம ஊரு காத்தக் கேட்டாங்களோன்னு நெனச்சேன்” என்றான். சார்கூடச் சிரித்துவிட்டார்.

அப்புறம் போர்டில் கணக்கு வந்தது. பங்கேற்பு: பதினேழு சதவீதம். பெரிய எழுத்தில், சிவப்பில். பதிந்திருந்தது ஆறு குழுவின் பெயர், ஒவ்வொரு கேள்விக்கும் அழுத்தியது ஒன்றுதானே.

சாரின் சிரிப்பு போய்விட்டது. ரோஜாவை வராண்டாவுக்குக் கூப்பிட்டார். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

“என்னம்மா இது? பதினேழைப் போட்டா நீ அவுட். உனக்குத் தெரியாதா? எல்லாரும் ஒரே சமயத்துல அழுத்தணும்னு சொல்லிட்டு, இன்னொரு தடவை நடத்து. முதல் தடவையை நான் பார்க்கல.”

“இல்ல சார்” என்றாள் ரோஜா.

“என்ன இல்ல?”

“பசங்க தப்பா ஒண்ணும் பண்ணல சார். நான் சொல்லிக் குடுத்ததத்தான் பண்ணாங்க. தப்பு பண்ணாதவங்கள எப்டி சார் திருத்தறது?”

எனக்கு ரத்தம் கொதித்தது. பைத்தியமா இவளுக்கு? ஐந்து நிமிஷ வேலை. இதற்காக மறுபடி அந்த லைன், அந்த போர்டு, அந்த எட்டு மணி நேரம். வெளியே அவள் தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள், உள்ளே ஆறு போன்களும் சும்மா கிடந்தன. நான் வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

“பசங்களா, இங்க பாருங்க. உங்க மிஸ் பெயில் ஆகப் போறா. நீங்க எல்லாரும் எல்லாக் கேள்விக்கும் அழுத்தினாத்தான் பாஸ். பாடு கீடு எல்லாம் அப்புறம். சீக்கிரம்!”

பெயில் என்ற வார்த்தை போதும். முப்பத்தாறு முகமும் வெளுத்தன. நான் கேள்விகளை மறுபடி ஓடவிட்டேன். அம்மாடி, என்ன வேகம்! போன்களைப் பறித்தார்கள், விரல்கள் பறந்தன, போர்டில் பட்டைகள் ஆறும் ஒன்றாக எகிறின. நாலு நிமிஷத்தில் பன்னிரண்டு கேள்வியும் முடிந்தன. பங்கேற்பு: நூறு சதவீதம். பச்சை.

கதவைத் திறந்தேன். சார் எட்டிப் பார்த்து, “ஆஹா, இதைத்தானே கேட்டேன்!” என்று தன் போனில் அந்தத் திரையைப் படம் பிடித்தார். பின்னாலேயே ரோஜா வந்தாள். போர்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். குரல் உயரவே இல்லை.

“இப்ப அழுத்துனவங்க மட்டும் கை தூக்குங்க.”

ஆறு கைகள் எழுந்தன. ஆறே ஆறு. முதல் நாள் பாய்ந்து வந்த அந்த நாலு பையன்களும், இன்னும் இரண்டு பேரும்.

“கல்பனா, ஏன் நீ அழுத்தல?”

கல்பனா எழுந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. “போன் ஏங்கிட்டதான் மிஸ் இருந்துச்சு. நான் லேட்டாக்கிடுவேன்னு புடுங்கிக்கினாங்க. நீங்க பெயிலாயிடுவீங்கன்னு நானும் வுட்டுட்டேன்.”

எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது, வெட்கம் கெட்டவளுக்கு. ரோஜா அழவில்லை. சார் பக்கம் போய் நின்றாள்.

“அந்த நூற எழுதாதீங்க சார்.”

“ஏம்மா? உனக்கு நல்லதுதானே பண்றேன்?”

“அந்த நூறுல ஆறு பேருதான் சார் இருக்காங்க. நீங்களே பாத்தீங்க. பதினேழுல பன்னெண்டு பேரு இருந்தாங்க. நேத்து பன்னெண்டு, முந்தாநேத்து பன்னெண்டு. மொத்தம் முப்பத்தாறு பேரும் அழுத்தியாச்சு. எது சார் பெருசு?”

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் புரிந்துவிட்டது, அதுதான் பேஜாரு. “சரிம்மா, புரியுது. ஆனா இதை நான் எங்க எழுதறது? தாள்ல அதுக்குக் கட்டமே இல்லையே.”

ரோஜா தாளை அவர் கையிலிருந்து வாங்கினாள். முன் பெஞ்சில் கிடந்த ஓர் அடிஸ்கேலை எடுத்தாள். ‘இணையவழிப் பங்கேற்பு’க்குப் பக்கத்தில் இருந்த வெள்ளை இடத்தில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, பக்கத்தில் இரண்டு கோடு போட்டாள். ‘பதில் சொன்ன குழந்தைகள்’ என்று எழுதினாள். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

“இப்ப இருக்குது சார்.”

தாளில் பயிற்சி பெறுகிறவளின் கையெழுத்து இல்லாமல் அவர் அதைக் கல்லூரியில் கொடுக்க முடியாது. ரோஜா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், அவர் எழுதும்வரை போடமாட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி நின்றாள். கடைசியில் சார் பெருமூச்சு விட்டு, பங்கேற்பில் 17 என்று எழுதினார். புதுக் கட்டத்தில் 12 என்று எழுதினார். ரோஜா கையெழுத்துப் போட்டாள்.

“இதோட பலன் தெரியுமில்ல?” என்றார், நிஜமான வருத்தத்தோடு.

“தெரியும் சார். டீ சாப்ட்டுட்டு போங்க.”

கல்லூரியில் அந்தப் புதுக் கட்டத்தை ஒருத்தர்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பதினேழைப் பார்த்தார்கள். ரோஜாவுக்குத் தேர்ச்சி இல்லை என்று பலகையில் ஒட்டினார்கள். எனக்கு நூறு சதவீதம். என் வகுப்புக்கு வேண்டிய பெயர்களை எல்லாம் என் மதிப்பீட்டுக்கு முந்தின நாளே செவ்வாப்பேட்டைக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவில், வண்டியில் உட்கார்ந்து நானே என் போனில் போட்டு நானே அழுத்தி முடித்திருந்தேன். தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது பாடம் நடத்துகிறவள் இப்படித்தான் டீச்சரானாள்.

பயிற்சி முடிந்தால் ‘வகுப்பறையில் இணையக் கருவிகள்: என் பார்வை’ என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் ‘இணையக் கருவிகள் மாணவரின் ஆர்வத்தைத் தூண்டுகின்றன’ என்று ஆரம்பித்து ஒருவரை ஒருவர் பார்த்து எழுதினோம். தேர்ச்சி இல்லை என்று தெரிந்த பிறகும் ரோஜா எழுதிக் கொடுத்தாள். அதை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

‘நான் போனுக்கு எதிரி இல்லை. நாலு வருஷம் சார்ஜர் செய்தவள் நான். நல்ல படம் ஒன்றைப் போட்டால் பிள்ளைகள் கண் விரிவதை நானும் பார்த்தேன். நாளைக்கு எனக்கு ஆறு போன் கிடைத்தால் ஆறையும் வாங்கிக்கொள்வேன். ஆனால் என் வகுப்பில் யார் முதலில் பேச வேண்டும், யாருக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன். வேகமாக அழுத்துகிற பிள்ளைக்கு அதிகப் புள்ளி தருகிறது செயலி. மெதுவாக யோசிக்கிற பிள்ளைக்கு அதனிடம் ஒன்றும் இல்லை. என்னிடம் இருக்கிறது. ஒரு பவுடர் டப்பா போதும். சிவப்பு, பச்சை என்று நிறம் மாறும் பலகைக்குக் கீழே நான் நின்றிருக்கிறேன். என் பிள்ளைகளை அங்கே நிறுத்த மாட்டேன். இதற்கு மதிப்பெண் குறைப்பீர்கள் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள்.’

டிசம்பரில் அவள் மறுபடி கம்பெனிக்குப் போனாள். அதே லைன், அதே போர்டு. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க மார்க்கெட்டுக்குப் போனேன். அங்காளம்மாள் கடையில் இறால் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“என்னாலதாம்மா ஆச்சு. நான் போனைக் கொண்டுவந்து வெக்காம இருந்திருந்தா...”

“அட வுடு பாப்பா. இன்னொரு வருசம் அவ்ளோதான? இறாலு எங்க பூடப் போவுது, நான் எங்க பூடப் போறேன்.” பக்கத்துக் கடைக்காரி குப்பம்மாளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “எம் பொண்ணு பெயிலாயி நிக்கிறா, தெரியுமா? காப்பி அடிச்சி இல்ல, அடிக்காம!”

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெருமையைக் கேட்டு ரோஜா, “எம்மா, கொஞ்சம் மெதுவா” என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பாதங்கள் வீங்கியிருந்தன. நின்று நின்று வந்த வீக்கம். அதைப் பார்த்தபோது, பரவாயில்லை, கொள்கை ஜெயித்தது என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. சண்டை போடத்தான் தோன்றியது. யாரோடு என்றுதான் தெரியவில்லை.

ஏழு மாசம் போயிற்று. எனக்குச் செவ்வாப்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது. ஜூலையில் ரோஜா கம்பெனியை விட்டுவிட்டு பழைய கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கே மறு பயிற்சிக்குப் போனாள். கல்பனா கூட்டம் இப்போது ஒன்பதாவது. அவர்கள் வகுப்பையே கேட்டு வாங்கினாளாம். போனவாரம் போன் செய்து, மறுநாள் மதிப்பீடு என்றாள். இந்தத் தடவை வருவது கல்லூரி முதல்வர் ஹெலன் மேடம். எங்கள் கல்லூரியில் அவரைக் கண்டால் சுவரோரம் ஒதுங்காதவர்கள் கிடையாது.

“ரோஜா, உன் கால்ல விழறேன். ஒரே ஒரு தடவை எல்லாரையும் அழுத்தச் சொல்லுடி. பாஸாயிட்டு அப்புறம் உன் இஷ்டம்போல நடத்திக்கோ” என்று போனில் கெஞ்சினேன்.

“நீ நாஷ்டா சாப்ட்டியா?” என்று கேட்டு வைத்துவிட்டாள்.

நடந்ததை அப்புறம் கல்பனா சொல்லித்தான் கேட்டேன். வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்பே ரோஜா தாளை வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, மேடம் கையில் கொடுத்திருக்கிறாள். மேடம் அதைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாராம். இந்தத் தடவையும் குழுவுக்கு ஒரு போன் கடன் வாங்கி வைத்திருந்தாளாம் ரோஜா. போர்டில் பதினேழு சிவப்பில் வந்தது. மேடம் எழுந்தார், பெஞ்சு பெஞ்சாக நடந்து, “நீ அழுத்தினியா? நீ?” என்று விரலால் எண்ணினார். பன்னிரண்டு.

“மத்தவங்க?” என்றாராம்.

கல்பனா எழுந்து, “அவுங்க பாடு நாளைக்கும் நாளன்னிக்கும் மேடம்” என்றாளாம். “நீங்க நாளைக்கும் வந்தா பாக்கலாம்.”

முதல்வரைப் பார்த்து, நாளைக்கு வாருங்கள் என்று ஒன்பதாவது படிக்கிற பெண் சொல்கிறாள்! யார் வளர்த்த பிள்ளை?

நேற்று சாயங்காலம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. ரோஜா அனுப்பியது. மதிப்பீட்டுத் தாள். பங்கேற்புக் கட்டத்தில் 17 என்றுதான் இருந்தது. பக்கத்தில் அவள் போட்ட கட்டத்தில், மூன்று தேதிகள் போட்டு, மூன்று தடவை 12 எழுதி, கூட்டி, 36 என்று வட்டம் போட்டிருந்தது. மேடத்தின் எழுத்து. அடியில் தேர்ச்சி என்று எழுதி, அதற்கும் கீழே சின்னதாக ஒரு வரி: ‘அடுத்த முறை கோடு நேராக இருக்கட்டும்.’

படத்தோடு ஒரு வார்த்தை இல்லை. ஒரு பொம்மை இல்லை, ஒரு புள்ளி இல்லை. திமிர் பிடித்தவள்.

இன்று காலை எங்கள் பள்ளி நிர்வாகத்துக்குக் கொடுக்க வேண்டிய வாரப் பங்கேற்பு அறிக்கை என் மேஜைமேல் இருந்தது. எண்பது சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேலைத் தேடினேன், என்னிடம் இல்லை. நாலாவது பெஞ்சுப் பெண்ணிடம் கடன் வாங்கினேன்.